ஒற்றைப் புள்ளிக்காரர்

எதையும் படிக்காதவரோடு குடித்தனம் நடத்திவிடலாம். எல்லாவற்றையும் படித்தவரோடும் எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம். முதல் பாடத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்து வந்தவர் இருக்கிறாரே, அவர் தனி ஜாதி. நீச்சலில் முதல் பாடம் படித்தவரைத் தண்ணீரே அடக்கிவிடும். சங்கீதத்தில் முதல் பாடம் படித்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர் அடக்கிவிடுவார். சமையலில் முதல் பாடம் படித்தவர் தான் சமைத்ததைத் தானே சாப்பிட வேண்டியிருப்பதால் சீக்கிரம் இரண்டாம் பாடத்துக்குப் போய்விடுவார். ஆனால் படம் வரைவதில், அதிலும் பெர்ஸ்பெக்டிவ் என்கிற சமாச்சாரத்தில் முதல் பாடம் படித்தவரை அடக்க இயற்கையில் எந்த ஏற்பாடும் கிடையாது. அவரைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

பெர்ஸ்பெக்டிவ் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கிட்ட இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் தெரிகிறதல்லவா, அதைத் தாளில் கொண்டுவருகிற வழி. தாளின் குறுக்கே, உங்கள் கண் இருக்கிற உயரத்தில், ஒரு கோடு போடுங்கள். அதற்குக் கண்மட்டம் என்று பேர். அந்தக் கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். சாலையின் இரண்டு ஓரங்கள், அதன் இரு பக்கமும் நிற்கிற மரங்களின் உச்சிகள், விளக்குக் கம்பங்களின் அடிகள் எல்லாம் ஓடிப்போய் அந்தப் புள்ளியில் சேர்ந்து மறைந்துவிடும். அவ்வளவுதான் முதல் பாடம். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஓய்வதற்குத்தான் சிலருக்கு ஆயுள் போதாது.

நம் ஆசாமிக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. ஆறடியைத் தாண்டிய உயரம். புகார்களைக் கேட்டுக் கேட்டு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று டாக்டரிடம் போக, டாக்டர் மாத்திரையும் கொடுத்து, "மனசுக்குப் பிடிச்ச மாதிரி எதையாவது கத்துக்குங்க" என்றும் சொல்லி அனுப்பினார். நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பிரஷர் குறைந்தது உண்மை. அது எங்கே போயிற்று என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

முதல் ஞாயிறு கோடும் புள்ளியும் கற்றுக்கொண்டு மிதந்துகொண்டே வீடு வந்தார். இரண்டாம் ஞாயிறு, ஓவிய டீச்சர், அவருடைய மகள் வயதுகூட இருக்காது, ஒரு வீட்டை அதன் முனையில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று பலகையில் வரைந்தார். இடது சுவர் ஒரு புள்ளிக்கும் வலது சுவர் இன்னொரு புள்ளிக்கும் ஓடின. நம் ஆசாமி எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர், ஒரே வீட்டுக்கு ரெண்டு புள்ளியா?"

"ஆமா சார். முனையில நின்னு பாத்தா ரெண்டு சுவரும் ரெண்டு பக்கமா போகும்ல?"

"முனையில எதுக்கு நிக்கணும்? ஒழுங்கா வாசல்ல நேரா நின்னு பாக்க வேண்டியதுதானே?"

"நிக்கலாம் சார். ஆனா எல்லாரும் வாசல்லயே நிக்க மாட்டாங்களே."

அவர் சாமான்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு அடிப்படை போதாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளி இருந்தா குடும்பம் விளங்குமா?" என்று மனைவியிடம் அறிவித்தார். அதோடு அவருடைய மாணவப் பருவம் முடிந்தது, ஆசிரியப் பருவம் ஆரம்பமாயிற்று.

இந்த வகையைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு கண் மூடியிருக்கும். வலது கை முன்னால் நீட்டியிருக்கும். கையில் பென்சில் இருக்கும், பென்சில் இல்லாத இடத்தில் பேனா, பேனாவும் இல்லாத இடத்தில் கரண்டி. நட்டநடு ரோட்டில் நின்று, இரண்டு பக்கத்து நடைபாதைகளும் எங்கே சேருகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பவரைப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை இங்கே எழுத முடியாது. இவர் அதற்கும் அசரமாட்டார். "பாத்தீங்களா, கிட்ட வர வர எவ்வளவு பெருசாறாரு" என்பார். அலுவலகத்தில், மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் கொடுக்க வந்தவரை ஜன்னலோரம் அழைத்துப்போய், எதிர் மாடி ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று விளக்கி அனுப்பினார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார், பாவம். தண்ணீர் ஏறவில்லை. புள்ளிக்காரர் என்ற பட்டப்பெயர் மட்டும் ஏறியது.

சம்பந்தி வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகளைக் கொடுத்த வீடு. பார்த்துப் பேச வேண்டிய இடம். கூடத்துச் சுவரில் ஆற்றங்கரை ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. புள்ளிக்காரர் உட்காரவில்லை. ஓவியத்திலிருந்த பாலத்தின் கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்க்க ஸ்கேலை எடுத்து வைத்தார். அவை சட்டத்துக்கு உள்ளே சேரவில்லை. சேராவிட்டால் விட்டுவிட முடியுமா? சட்டத்தைத் தாண்டி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில், பென்சிலால் கோட்டை நீட்டிக்கொண்டே போனார். கோடுகள் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் சேர்ந்தன. "இங்கதான் இருக்கு உங்க புள்ளி!" என்று வட்டம் போட்டுக் காட்டினார்.

"அப்படிங்களா, இத்தன நாளா தெரியாமப் போச்சே" என்றார் சம்பந்தி. சம்பந்தியம்மா ஈரத்துணி எடுத்துவர உள்ளே போனார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

அந்த அம்மாவைப் பற்றி இன்னும் நான் சொல்லவே இல்லை. தையல்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். படுக்கையறை மூலையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் மிஷினைப் போட்டுக்கொண்டு இருபது வருஷமாகத் தைத்தவர். துணியை விரித்து வெட்ட வேண்டுமானால் கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். படுத்திருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கால் நீட்டி உட்கார்ந்து, வெளிச்சத்தில் துணியை விரித்து வெட்டுகிற மாதிரி தனக்கென்று ஒரு இடம் வேண்டும். அதைத் தவிர அந்த அம்மா வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. கடைசியில் கடைத்தெருவில் ஒரு குறுகலான அறை வாடகைக்குக் கிடைத்தது. வாசலும் சின்ன ஜன்னலும் முன்பக்கம், ஒரு பக்கம் முழுக்க அலமாரி, மறுபக்கம் மிஷின், எதிரே வெறும் பின்சுவர், நடுவில் பிரகாசமான டியூப்லைட். அதற்கு நேர் கீழே வெட்டுமேசை. தையல்காரம்மா அந்த மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்தோமா என்று தோன்றியதாம். இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் ஒரு நல்ல காரியமும் கூடி வந்தது. பக்கத்து மருத்துவமனையில் எல்லா நர்ஸுகளுக்கும் புதுச் சீருடை. பெரிய நர்ஸம்மா தையல்காரம்மாவின் கைவேலையைக் கேள்விப்பட்டு, கருநீலத் துணி கொடுத்து, தன் அளவில் மாதிரிக்கு ஒன்று தைத்துவைக்கச் சொல்லியிருந்தார். மாதிரி பிடித்தால் ஆர்டர் மொத்தமும் இங்கேதான். கடை நிற்பதும் படுப்பதும் அதில்தான் இருந்தது. அது தவறினால் மறுபடி கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில்தான்.

புள்ளிக்காரர் வாசலில் வந்து நின்றார். ஒரு கண்ணை மூடினார். பின்சுவரைப் பார்த்தார்.

"கடை ரொம்ப அடக்கமா இருக்கு. கவலைப்படாதே, நான் பெருசாக்கித் தரேன்."

லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் முழுக்க அந்தச் சுவரில் சாலை போட்டார். சும்மா சொல்லக்கூடாது, உழைத்தார். தலையெல்லாம் பச்சை பெயிண்ட், காதெல்லாம் சாம்பல் பெயிண்ட். இரண்டு வரிசை மரங்கள், இரண்டு வரிசைக் கம்பங்கள், நடுவில் தூரத்துக்கு ஓடிப் புள்ளியாய் மறைகிற சாலை. வாசலில் நின்று பார்த்தால் சுவரே இல்லாமல் நேராக நடந்து போய்விடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நின்று பார்க்க வேண்டும். வாசலில் எங்கே என்றால், அவர் தரையில் வெள்ளை பெயிண்டால் போட்ட பெருக்கல் குறியின் மேல். எந்த உயரத்திலிருந்து என்றால், அவர் உயரத்திலிருந்து.

அந்தக் குறியில் நின்றபோது ஒரே ஒரு குறை தட்டுப்பட்டது. வெட்டுமேசை சாலையை மறைத்தது.

"மேசைய அந்த மூலைக்குத் தள்ளிடலாம்" என்றார்.

"மூலையில வெளிச்சம் இல்லீங்க. வெட்டுறதுக்கு வெளிச்சம் வேணும்."

"ரோட்டுல யாராவது மேசை போடுவாங்களா?"

"அது ரோடு இல்லீங்க, சுவரு."

"அங்கதான் நீ தப்பு பண்ற" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு மேசையைத் தள்ளிவிட்டார். மேசை மின்சார மீட்டருக்குக் கீழே, அலமாரியின் நிழலில் போய் நின்றது. தையல்காரம்மா மிஷினுக்கு முன்னால் தன் முக்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, எனக்கு இங்கிருந்து பாத்தா ரோடு மலையேறுது. மரமெல்லாம் சாயுது."

"நீ உக்காந்து பாக்குற. அதுவும் பக்கவாட்டுல இருந்து பாக்குற. பக்கவாட்டுல பாக்குறதுக்குப் பேரு பார்வை இல்ல, எட்டிப்பாக்குறது."

இருட்டு மூலையில் கருநீலத் துணியை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எது நல்ல பக்கம், எது உள்பக்கம் என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தையல்காரம்மா தடவித் தடவி வெட்டி, மிஷினுக்குக் கொண்டுவந்து சேர்த்துவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சீருடையின் இரண்டு கையும் இடது கை. தையல் படிக்க வந்த முதல் வருஷத்தில்கூடச் செய்யாத தப்பு. கையில் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அவர் திகைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சமயம் பார்த்துத்தானா பெரிய நர்ஸம்மா வந்து சேர வேண்டும்?

வேலை முடிந்து நேராக வந்தவர். காலை முதல் நின்ற கால். வாசலில் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், புள்ளிக்காரர் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. அங்கேயே நில்லுங்க. ரெண்டு காலும் அந்தக் குறி மேல இருக்கணும்."

"தையல்காரம்மா இருக்காங்களா?"

"இருக்கா, எங்க போயிடப்போறா. இடது கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்க, சொல்றேன். இருங்க இருங்க, நீங்க கொஞ்சம் குள்ளம்." உயரம் போதாதவர்களுக்கென்று அவர் ஏற்கெனவே ஒரு பலகை செய்து வைத்திருந்தார். அதைக் குறியின் மேல் போட்டார். "இது மேல ஏறுங்க. இப்ப என்ன தெரியுது?"

"ரோடு தெரியுது."

"எங்க போகுது?"

"எங்க வேணா போகட்டும் சார். எனக்கு உக்கார ஒரு நாற்காலி கிடைக்குமா?"

"உக்காந்தா கண்மட்டம் எறங்கிடும்மா."

பெரிய நர்ஸம்மா பலகையிலிருந்து இறங்கினார். "நான் டிரஸ்ஸுக்கு வந்தேனா, கண் டெஸ்ட்டுக்கு வந்தேனா?" என்று பொதுவாகக் கேட்டார். பிறகு, எழுந்து ஓடிவந்த தையல்காரம்மாவிடம், "மாதிரி ரெடியாம்மா?" என்றார்.

"ஒரு சின்னத் தப்பாயிடுச்சு. நாளைக்கு மத்தியானம் கட்டாயம் ரெடியா இருக்கும்."

"நாளைக்கு மத்தியானம் வரேன். அதுக்கு மேல எனக்கு டயம் இல்ல, வேற கடையும் சொல்லியிருக்காங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பாவம், அவங்களுக்குப் பார்வை பத்தல" என்றார் புள்ளிக்காரர்.

தையல்காரம்மாவுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு முன்னால் வருகிற கோபம் வந்தது. தன் முக்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

கல்யாணமான நாளிலிருந்து கேட்காத குரல். புள்ளிக்காரர் முழங்கால்கள் மோவாயைத் தொட உட்கார்ந்தார்.

"இப்ப பாருங்க. என்ன தெரியுது?"

அவர் பார்த்தார். அவசரத்தில் ஒரு கண்ணை மூடக்கூட மறந்துவிட்டார். அங்கிருந்து அவருடைய சாலை செங்குத்தாக ஏறியது. மரங்கள் குடிகாரர்கள் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தன. முதல் விளக்குக் கம்பம் தலையில் விழுகிறாற்போல் இருந்தது.

"ரோடு மேல ஏறுது" என்றார் மெதுவாக.

"நாள் பூரா நான் பாக்குறது இதத்தான். வாசல்ல நிக்கிறவங்களுக்காகக் கடை போடல நான். உள்ள உக்காந்து தைக்கிறதுக்குப் போட்டிருக்கேன். அந்த இருட்டுல வெட்டித்தான் ரெண்டு கையும் ஒரே கையாப் போச்சு. நாளைக்கு அந்த ஆர்டர் போச்சுன்னா இந்தக் கடையே போச்சு. இப்பவாவது புரியுதா உங்களுக்கு?"

புள்ளிக்காரர் சாலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். வாசகரே, நீங்கள் நல்லவர். இந்த இடத்தில் அவர் மனம் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் நல்லவன்தான், ஆனால் எனக்கு அவரைத் தெரியும்.

"புரியுது. முக்காலி குள்ளம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்களை உயர்த்திவாங்கத் தச்சுப்பட்டறைக்குப் போய்விட்டார். நல்லவேளையாக அந்தத் தச்சர் பொறுமைசாலி. மரம் அறுப்பதற்கு முன்னால் யாராவது ஏதாவது விளக்கினால் கேட்டுக்கொள்வார். புள்ளிக்காரர் சீக்கிரம் திரும்பவில்லை.

தையல்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தனி ஆளாக மேசையை இழுத்து டியூப்லைட்டுக்குக் கீழே போட்டார். நேற்றைக்கே அதைச் செய்திருந்தால் துணி வீணாகியிருக்காது என்று தன்னையே இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். கடைக்கென்று சொல்லிவைத்த ஆளுயரக் கண்ணாடி, மாட்டச் சுவரில்லாமல் அவர் கடையிலேயே கிடந்தது. போட்டுப் பார்க்கக் கண்ணாடி இல்லாத தையல்கடையை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"எங்கம்மா மாட்டணும்?" என்றார் கடைக்காரர், துளை போடும் மிஷினோடு.

"அந்த ரோட்டு நடுவுல. ரோடு முடியிற எடம் கண்ணாடிக்குள்ள வரட்டும்."

"நல்லா வரஞ்சிருக்காங்களேம்மா. ஓட்டை போட்றதா?"

தையல்காரம்மாவுக்கு ஒரு கணம் மனசு கேட்கவில்லை. காதில் பெயிண்டோடு அந்த மனுஷர் ஒரு வாரம் நின்றது கண்ணுக்குள் வந்தது. மரங்கள் நிஜமாகவே அழகாகத்தான் இருந்தன.

"போடுங்க" என்றார்.

வெளிச்சத்தில் வெட்டினால் கை பிசகுமா? மிச்சத் துணியில் மறுபடி வெட்டி, முக்காலி இல்லாததால் காலி பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து தைத்து, மத்தியானத்துக்குள் மாதிரியை முடித்துவிட்டார். பெரிய நர்ஸம்மா வாசலில் எட்டிப்பார்த்து, "சார் இருக்காரா?" என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் உள்ளே வந்தார். போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் முன்பக்கம், பின்பக்கம் திரும்பினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"கையத் தூக்கினா இழுக்கவே இல்லியே! போன தடவ வேற கடையில தெச்ச டிரஸ்ல குளுக்கோஸ் பாட்டில் மாட்டப்போனா தோள்பட்ட கிழியும்." இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் நீங்களே தெச்சிடுங்க. நாளையிலேருந்து ஒவ்வொருத்தரா அளவு குடுக்க அனுப்பறேன்."

அவர் போனபிறகு தையல்காரம்மா மேசையின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு மூச்சு அழுதார். சந்தோஷம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த துணியை விரித்த நேரம், வாசலில் முதலில் முக்காலி வந்தது. அது இப்போது முக்காலி இல்லை. ஏறி உட்கார ஏணி வேண்டும். அதற்குப் பின்னால் புள்ளிக்காரர் வந்தார்.

மேசையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முக்காலியைக் கீழே வைத்தார்.

தையல்காரம்மா கத்திரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்; வெட்டுவதற்கு அல்ல, பிடித்துக்கொள்ள. இன்றைக்கு ஒரு வார்த்தை பேசட்டும் என்று காத்திருந்தார். இத்தனை வருஷத்துப் பதில்கள் அத்தனையும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

புள்ளிக்காரர் போய்ப் பெருக்கல் குறியின் மேல் நின்றார். ஒரு கண்ணை மூடினார். மரங்கள் ஓடின, கம்பங்கள் ஓடின, சாலையின் இரண்டு ஓரமும் ஓடிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. எல்லாம் சேருகிற இடத்தில், அச்சு அசலாகக் கண்மட்டத்தில், ஒற்றைக் கண்ணோடு அவரே நின்றார்.

"ம்" என்றார்.

"என்ன 'ம்'?"

"இப்பத்தான் சரியா வந்திருக்கு. இத்தன நாளா அந்தப் புள்ளியில என்னமோ கொறையுதேன்னு எனக்கு ஒரு உறுத்தல். எல்லாக் கோடும் நேரா என்கிட்டதான் வருது, பாத்தியா?" கொஞ்சம் தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார். "அந்த எடத்துல கண்ணாடி மாட்டணும்னு நான் அன்னிக்கே சொன்னேன், இல்ல?"

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். விரித்துக் கிடந்த துணியைப் பார்த்தார். தலைக்கு மேலே எரிகிற வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, நீங்கதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மச்சான், மேலதிகாரி, எதிர் வீட்டுக்காரர் என்று யாராவது. எல்லாம் பிசகில்லாமல் அவருக்கே பொருந்துகிறது என்று சிரித்துக்கொண்டும் இருப்பீர்கள். நல்லது. எனக்காக ஒரு சின்ன உதவி செய்யுங்கள். இதை இப்படியே வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். படித்து முடித்துவிட்டு நிமிரும்போது அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.